எழுபத்திரண்டு புள்ளி மூன்று மூன்று

பிப்ரவரி 6, செவ்வாய்

"சார், டயல் எண்பத்தாறு காட்டுகிறது" என்று இன்று நான் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. எனக்குப் பின்னால் பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். சாப்பாட்டு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. துறைத் தலைவர் தெய்வநாயகம் சார் வாசலில் நின்று போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் முள்ளைப் பார்த்தேன், நோட்டில் 86 என்று எழுதினேன், நகர்ந்துவிட்டேன்.

மெட்டீரியல்ஸ் லேபில் இன்று கடினச் சோதனை, அதாவது இரும்பு எவ்வளவு கடினமானது என்று பார்ப்பது. மிஷின் ஒரு சின்ன எஃகுக் குண்டை இரும்பின் மேல் வைத்து அழுத்தும். குண்டு எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைப் பொறுத்து டயலில் ஒரு எண் வரும். குறைவாக இறங்கினால் பெரிய எண். அதாவது இரும்பு கடினமானது. மூன்று இடத்தில் அழுத்திச் சராசரி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. எனக்கு வந்தவை 86, 83, 88.

ஜெபா என் நோட்டை எட்டிப் பார்த்தாள். ஜெபசெல்வி. நாசரேத்துக்காரி, என் அறைத்தோழி. ஐம்பத்தெட்டுப் பேர் உள்ள மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில் நாங்கள் நாலு பெண்கள்.

"ஏட்டி, என்ன இது? இன்டர்னல் மார்க்கா?"

"ரீடிங்."

"எழுவத்திரெண்டு, எழுவத்திமூணு, எழுவத்திரெண்டு. ஆவரேஜ் எழுவத்திரெண்டு புள்ளி மூணு மூணு. சீனியர் அக்கா நோட்ட நீ பாக்கவே இல்லியா?"

"மிஷின்ல இப்படித்தான் வருது."

"மிஷினா உனக்குக் கையெழுத்துப் போடப்போவுது?"

வரிசையே சிரித்தது.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருடமும் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் தன் ரெக்கார்டு நோட்டை எங்களுக்குக் கொடுப்பார். அவருக்கு அவருடைய அக்கா கொடுத்திருப்பார். எந்தச் சோதனைக்கு என்ன எண் வரும் என்று அதில் இருக்கும். லேபில் மிஷின் ஓடுகிற சத்தம் வெளியே கேட்டால் போதும். எண் அதற்கு முன்பே வந்துவிட்டது.

ஐம்பத்தேழு பேர் 72.33 எழுதினார்கள். நான் 85.67. நான் சண்டைக்காரி இல்லை. பார்த்ததை எழுதினேன்.

பிப்ரவரி 7, புதன்

தலைக்குக் குளித்தேன். ஏழு மணிக்கே தண்ணீர் நின்றுவிட்டது. ஜெபா தன் வாளியில் பாதி கொடுத்தாள். "எண்பத்தாறு கப்பு ஊத்திக்கோ" என்றாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

தெய்வநாயகம் சார் நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். இன்று ஒரு கட்டுக்கம்பியை எடுத்து வளைத்தார், நிமிர்த்தினார், மறுபடி வளைத்தார். "இப்ப முன்ன மாதிரி வளையுதான்னு பாரு" என்று முதல் பெஞ்சில் கொடுத்தார். வளையவில்லை. முரண்டியது.

குறையே இல்லாத இரும்பு என்று ஒன்று இருந்தால் அது பல நூறு மடங்கு வலுவாக இருக்குமாம். அப்படி ஒன்று நம் கைக்கு வருவதில்லை. அணுக்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் அங்கங்கே ஒரு வரிசை பாதியில் நின்றுபோயிருக்கும். அந்த அறுந்த வரிசைகள் நகர்வதால்தான் இரும்பு வளைகிறது. வளைக்க வளைக்க அவை பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, ஒன்றின் வழியை இன்னொன்று அடைத்துவிடுகிறது. இரும்பு இறுகிவிடுகிறது. "அதுக்கும் மேல வளைச்சா?" என்று கேட்டுவிட்டு சார் வளைத்தார். கம்பி ஒடிந்தது.

இதை வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்க மாட்டேன். அப்படிப் பொருத்திக் காட்டும் புத்தகங்களை எனக்குப் பிடிக்காது. கம்பி கம்பியாகவே இருக்கட்டும்.

மாலையில் விடுதி மாடியில் துணி காயப்போடும் கம்பியைப் பார்த்தேன். ஆணிக்குப் பக்கத்தில் நாலைந்து முறை முறுக்கி அவிழ்த்த இடம் மட்டும் விறைத்து நிற்கிறது. இரண்டு வருடமாக அதில்தான் துணி போடுகிறேன். இன்றுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ரெக்கார்டு சமர்ப்பித்தோம். சார் ஒவ்வொன்றாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். என்னுடையதில் பேனா நின்றது.

"மங்கையர்க்கரசி, உனக்கு மட்டும் தனி இரும்பா?"

"இல்ல சார். அதே பீஸ்தான்."

"அப்போ மிஷின் தப்பு."

"ரெஃபரன்ஸ் பீஸ் வச்சுப் பாக்கலாமா சார்?"

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை; அலுப்பு. "மார்ச்ல அங்கீகாரக் கமிட்டி வருது. மேசையில அம்பத்தெட்டு ரெக்கார்டு அடுக்கி வைக்கணும். அம்பத்தேழுல ஒரு நம்பர், ஒண்ணுல வேற நம்பர்னா எதைப் பத்திக் கேப்பாங்க? அந்த ஒண்ணப் பத்தித்தான். திருத்திக் கொண்டா, போட்டுத் தரேன்."

எண்ணை மாற்றினால் கையெழுத்து. கையெழுத்து இல்லையென்றால் ஏப்ரல் மாதச் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. உட்காராவிட்டால் அரியர். அதை அடுத்த முறை எழுதித் தேறிவிடலாம். ஆனால் ஓசூர் கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு அரியர் இருந்திருந்தாலும், அதைத் தேறியிருந்தாலும்கூட, நேர்காணலுக்குள் விடுவதில்லை. எங்கள் கல்லூரிக்கு வருகிற கம்பெனிகளில் பெண்களை உலைக்கூடத்தில் வேலைக்கு எடுப்பது அது ஒன்றுதான். மற்றவர்கள் மேசையும் கம்ப்யூட்டரும் தருவார்கள். எனக்கு உலை வேண்டும். முதல் வருடத்திலேயே ஜெபாவும் நானும் முடிவு செய்தது: ஓசூர், ஒரே அறை, முதல் சம்பளத்தில் ஆளுக்கொரு சைக்கிள்.

"சரி சார்" என்று சொல்லி ரெக்கார்டை வாங்கிக்கொண்டேன். எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

அப்பா கூப்பிட்டார். அவர் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் கட்டிங் மிஷினில் நிற்கிறார். நான் சின்னவளாக இருக்கும்போது வீணான ஃபாரம்களை, அதாவது புத்தகத்தில் சேராத அச்சுத் தாள்களை, வீட்டுக்குக் கொண்டுவருவார். பதினாறு பக்கம், முப்பத்திரண்டு பக்கம், முன்னும் பின்னும் இருக்காது. கொலை நடந்திருக்கும், செய்தவன் யாரென்று இருக்காது. கல்யாணம் இருக்கும், அதற்கு முந்தைய காதல் இருக்காது. நூலகத்தில் சேர்ந்த பிறகுதான் புத்தகங்களுக்கு முடிவு உண்டு என்பதே எனக்குத் தெரிந்தது. இன்றும் ஒரு புத்தகத்தின் நடுவில் திறந்து படிக்க ஆரம்பித்தால்தான் எனக்குச் சௌகரியம்.

"லேப்லாம் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதுப்பா."

"ரெக்கார்டுல கையெழுத்து வாங்கிட்டியா? அதுதான் முக்கியமாமே. எங்க மேனேஜர் மகன் சொன்னான்."

"வாங்கிருவேன்."

'வாங்கிருவேன்' என்பது எதிர்காலம். பொய்யில் சேராது.

பிப்ரவரி 20, செவ்வாய்

லேப் உதவியாளர் கருத்தப்பாண்டி அண்ணாச்சியிடம் சாவியைக் கேட்டேன். இடைவேளையில் பதினைந்து நிமிடம் கொடுத்தார்.

மிஷினைச் சரிபார்க்க அதோடு வந்த ரெஃபரன்ஸ் துண்டில் அதன் கடினம் பொறிக்கப்பட்டிருக்கிறது: 80. மூன்று இடத்தில் அழுத்தினேன். 80, 79, 80. ஆகவே மிஷின் சரி.

பிறகு எங்கள் சோதனைத் துண்டை எடுத்தேன். லேபில் எல்லோரும் அதை 'பீஸ்' என்றுதான் சொல்வார்கள். உள்ளங்கை அகலம், மைல்டு ஸ்டீல். அப்பா அச்சாபீசிலிருந்து கொடுத்த மடக்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். அம்மைத் தழும்பு விழுந்த முகம். குழிக்குப் பக்கத்தில் குழி, குழிக்குள் குழி. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே குறைந்தது மூன்று குழி அளவு இடம் விட வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஏனென்றால் ஒவ்வொரு குழியும் தன்னைச் சுற்றியுள்ள இரும்பை இறுக்கிவிடும். இந்தத் துண்டில் இறுகாத இடம் ஒரு கடுகளவுகூட இல்லை.

"இந்த பீஸ் எப்ப வந்தது அண்ணாச்சி?"

"மிஷினோட வந்தது. பதினோரு வருசம் ஆச்சு. நான் சேந்து எட்டு."

"மாத்தவே இல்லியா?"

"எதுக்கு மாத்தணும் தாயி? ரீடிங் மாறலியே."

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் கழித்து, தான் சொன்னது தனக்கே விளங்கி, அவரும் சிரித்தார்.

பதினோரு வருடமாக ஒவ்வொரு வகுப்பும் அந்த இரும்பை அழுத்தியிருக்கிறது. அது ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. டயல் அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லோரும் டயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 21, புதன்

சாம்பாரில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

இன்று நான் தோற்றேன். அல்லது தோற்கவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

அண்ணாச்சியே கூப்பிட்டார். "மேலருந்து ரெண்டு மில்லி அரைச்சு எடுத்துருவோம் தாயி. உள்ள என்னதான் இருக்குன்னு எனக்கும் பாக்கணும்." எட்டு வருடமாக அதைத் தினம் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறவர். பக்கத்துப் பட்டறையின் கிரைண்டரில் பொறுமையாக அரைத்தார். தழும்பெல்லாம் போய், கண்ணாடிபோல ஒரு முகம் வந்தது.

அழுத்தினேன். 72. தள்ளி அழுத்தினேன். 71. இன்னும் தள்ளி. 73.

அண்ணாச்சி கையைத் தட்டினார். எனக்கு மிஷினைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. மூன்று வாரமாக நான் பொய் என்று சொல்லிக்கொண்டிருந்த எண் அந்த இரும்பின் உண்மையான எண். நான் உண்மை என்று பிடித்துத் தொங்கிய எண்பத்தாறு, மற்றவர்கள் போட்ட குழிகளின் எண். ஐம்பத்தேழு பேரும் சரி. நான் தப்பு.

விடுதிக்கு நடந்து வரும்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் புதுத் துண்டில் அழுத்தி, முள்ளைப் பார்த்து, 72, 73, 72 என்று எழுதியிருக்கிறார். அவர் பார்த்தார். அவருக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனால் பார்த்தது என்னவென்று தெரியாமல் மூன்று வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ரெக்கார்டில் இரண்டையும் எழுதினேன். அரைப்பதற்கு முன் 85.67. அரைத்த பின் 72. கீழே, ஏன் என்று ஒரு பத்தி. நான் முதலில் தவறாக நினைத்ததையும் ஒரு வரி எழுதினேன். அந்த வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆயிற்று.

மார்ச் 1, வியாழன்

பீஸை மறுபடி அழுத்தியதில் எழுபத்திரண்டு வந்ததென்று தெய்வநாயகம் சாரிடம் சொன்னேன்.

"அப்போ எழுபத்திரண்டு. நான் சொன்னதுதானே?"

"ஆமா சார்."

"சந்தோஷம். எழுதிக் கொண்டா."

"எழுதியிருக்கேன் சார். அரைச்ச பிறகு எழுபத்திரண்டு. அதுக்கு முன்னாடி எண்பத்தஞ்சு புள்ளி ஆறு ஏழு. காரணமும் எழுதியிருக்கேன்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அரைச்ச பிறகா? யார் அரைச்சது?"

அண்ணாச்சி மாட்டிக்கொள்வார் என்பது அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. "நான்தான் சார்."

"உனக்கு கிரைண்டர் ஓட்டத் தெரியுமா?"

தரையைப் பார்த்தேன். அதுவே பதிலாகப் போயிற்று.

"இந்தப் பத்தி ரெக்கார்டுல இருந்தா, பதினோரு வருசமா துறையில என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கமிட்டி கேக்கும்."

"அதுக்கு நம்மகிட்ட பதில் இருக்கா சார்?"

இதைச் சொன்னேன். இம்முறை வாய் வரை வந்தது வாயில் நிற்கவில்லை. சார் ரெக்கார்டை மூடி, தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மார்ச் 2, வெள்ளி

கருத்தப்பாண்டி அண்ணாச்சிக்கு மெமோ. கல்லூரிப் பொருளை அனுமதியின்றிச் சேதப்படுத்தியதாக.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"மெமோ எனக்கென்ன புதுசா? போன வருசம் சாவியத் தொலைச்சதுக்கு ஒண்ணு வாங்குனேன்." மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த மேசை. "ஆனா தாயி, நீ பாட்டுக்கு எழுபத்திரண்டுன்னு எழுதிக் குடுத்திருந்தா யாரு அரைச்சதுன்னு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாக. எனக்கு ரெண்டு புள்ளைக இருக்கு. அத நீ யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. அதைத்தான் சொன்னேன். அவர் அதே மேசையை மறுபடி துடைத்தார்.

மார்ச் 5, திங்கள்

எல்லோருக்கும் ரெக்கார்டு கையெழுத்தோடு திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. ஜெபா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை விசாரித்தாள்.

"எழுவத்திரெண்டுதான் சரின்னு நீயே சொல்லுத. பொறவு என்னட்டி?"

"சரிதான். நான் முதல்ல பாத்தது அது இல்லியே."

"அரைச்ச பொறவு பாத்தல்லா?"

"அதையும் எழுதியிருக்கேன்."

"ஒத்தப் பத்திய அடிச்சுட்டா உன் மூக்கு அறுந்து விழுந்துருமா? நீ கத புத்தகமா படிச்சுப் படிச்சு லூசாயிட்ட. அதுல வாற ஆளுவளுக்கெல்லாம் பரிச்ச கெடயாது, தெரியுமா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஓசூருக்கு ரெண்டு பேரும் போவோம்னு சொன்னல்லா? நான் மட்டும் போயி என்ன செய்யட்டும் அங்க?"

துணி மடிக்க வேண்டியிருந்தது. மடித்தேன்.

மார்ச் 9, வெள்ளி

ஜெபா ஊருக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். தெய்வநாயகம் சார் அறையிலிருந்து நேராக வந்தாள், பையைத் தூக்கினாள், போய்விட்டாள். அறை அமைதியாக இருக்கிறது. படிக்க வசதி. ஒரு பக்கமும் படிக்கவில்லை.

மார்ச் 12, திங்கள்

வந்துவிட்டாள். அம்மாவுக்குத் தேவலையாம். பனங்கற்கண்டு கொண்டுவந்தாள். வலது கை நடுவிரலில் நகத்துக்குப் பக்கத்தில் வீங்கியிருந்தது. கேட்டதற்கு, "மாவு ஆட்டுனேன்" என்றாள். மாவு ஆட்டினால் அங்கே வீங்குமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 14, புதன்

கமிட்டி வந்தது. வராந்தாவில் குரோட்டன்ஸ் தொட்டிகள். கழிவறையில் சோப்பு. நாலு பெண்களையும் லேபில் வரிசையாக நிறுத்தினார்கள். பெண்கள் மெக்கானிக்கல் படிக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமே.

நீள மேசையில் ரெக்கார்டுகள் அடுக்கியிருந்தன. வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். ஐம்பத்தேழு இருக்க வேண்டும். ஐம்பத்தெட்டு இருந்தது.

கமிட்டிக்காரர்கள் அடுத்த அறைக்குப் போனதும் என் பெயர் போட்ட ரெக்கார்டை எடுத்துத் திறந்தேன். என் கையெழுத்து. சாய்வு, இடைவெளி, வரைபடத்துக்குக் கீழே நான் இழுக்கும் இரட்டைக் கோடு, எல்லாம் என்னுடையவை. கடினச் சோதனைப் பக்கத்தில் 72, 73, 72. சராசரி 72.33. கீழே சிவப்பு மையில் தெய்வநாயகம் சாரின் கையெழுத்து.

நான் அதை எழுதவில்லை.

என் ஏழில் குறுக்குக் கோடு கிடையாது. இந்த ஏழில் இருந்தது. எங்கள் வகுப்பில் ஏழுக்கு இடுப்பில் கோடு போடுகிற ஆள் ஒருத்திதான்.

மாலையில்:

"மூணு நாளு. அறுவத்தி நாலு பக்கம். கிராஃபு வேற" என்றாள் ஜெபா.

"உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. ஒன் ஃப்ரெண்டுக்குப் புத்தி சொல்லுன்னு சார் ஒன் ரெக்கார்ட என் கையில குடுத்தாரு. நீ புத்தி சொன்னா கேக்குற ஆளா? அதான் புதுசு வாங்கி எழுதிட்டேன்."

"கையெழுத்துப் போடும்போது சார் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அந்தப் பக்கத்தப் பாத்தாரு. என் மூஞ்சியப் பாத்தாரு. போட்டாரு."

"என் பேர்ல நீ எப்படி எழுதலாம்?"

"எழுதாம? ஒன்ன அப்படியே விட்டுரச் சொல்லுதியா?" அவள் வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கு அந்த இரும்பு முக்கியம். எனக்கு இரும்பப் பத்திக் கவல இல்லட்டி."

நான் மிகவும் மோசமான ஒன்றைச் சொன்னேன். இங்கே எழுதப்போவதில்லை. அவள் தன் பெட்டியைத் திறந்து என் பழைய ரெக்கார்டை எடுத்துக் கட்டிலில் போட்டாள். "எரிக்கணும்னுதான் கொண்டுபோனேன். மனசு வரல" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 16, வெள்ளி

நீலச் சுடிதாரைத் துவைத்தேன். காய்ந்த பிறகு மறுபடியும் துவைத்தேன்.

மார்ச் 25, ஞாயிறு

மேசையில் அடுக்கிய ரெக்கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது என்னிடம் இரண்டு ரெக்கார்டுகள் இருக்கின்றன. ஒன்றில் கையெழுத்து இருக்கிறது, நான் இல்லை. மற்றதில் நான் இருக்கிறேன், கையெழுத்து இல்லை.

ஜெபா எழுதியதை இன்று முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். நான் முறுக்குச் சோதனையில் செய்திருந்த ஒரு கணக்குப் பிழையைச் சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறாள். என் படங்களை என்னைவிட அழகாக வரைந்திருக்கிறாள். இவ்வளவு கவனமாக என்னை யாரும் படித்ததில்லை.

இதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் முடிந்தது. ஒருவருக்கும் நஷ்டமில்லை. எண்கூடச் சரியான எண்தான். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கண்ணாடி முகம் ஞாபகத்துக்கு வருகிறது. பதினோரு வருடமும் இப்படித்தான் போயிருக்கும். ஒருவருக்கும் நஷ்டமில்லை, ஒருவருக்கும் நஷ்டமில்லை என்று.

அப்பா கூப்பிட்டார். ஓசூரில் குளிருமாமே, போர்வை வாங்கவா என்று கேட்டார். அவசரமில்லை என்றேன்.

ஏப்ரல் 4, புதன்

செய்முறைத் தேர்வு. காலையில் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டை ஜெபாவின் தலையணை மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அது அவள் உழைப்பு. அதில் ஒரு கோடுகூட நான் கிழிக்கவில்லை. அதைப் பற்றி யாரிடமும் பேசப்போவதும் இல்லை.

வெளித்தேர்வாளராக மதுரைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பக்கத்தில் தெய்வநாயகம் சார். என் முறை வந்தது. பழைய ரெக்கார்டை மேசையில் வைத்தேன்.

அந்த அம்மா புரட்டினார். கடினச் சோதனைப் பக்கத்தில் நின்றார். படித்தார். ஒரு முறை திருப்பிப் படித்தார்.

"நீயே பாத்ததாம்மா இது?"

"ஆமா மேடம்."

"நல்லா எழுதியிருக்க. ஆனா இதுல ஒரு பக்கத்துலயும் கையெழுத்தே இல்லியேம்மா?"

சார் என் பக்கம் சாய்ந்தார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு எங்க?"

"இதுதான் சார் என் ரெக்கார்டு."

அவர் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த ரெக்கார்டை யார் எழுதியது என்பதும், தெரிந்தும் அதில் கையெழுத்துப் போட்டது யார் என்பதும் மேசைக்கு வந்திருக்கும். கேட்கவில்லை.

"சார், மாணவி செஞ்சிருக்கா. நீங்க இப்பக்கூடப் போட்டுரலாமே?" என்றார் அந்த அம்மா.

சார் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். அந்தப் பக்கத்தைப் படித்தார். முதல் முறையாகப் படிக்கிறார் என்று நினைக்கிறேன். கம்பியை வளைத்துக் காட்டியபோது இருந்த முகம் ஒரு கணம் வந்தது. அது போயிற்று.

"இந்த ஒரு பத்திய மட்டும் அடிச்சிரு. மத்ததெல்லாம் இருக்கட்டும். இப்பவே போடறேன்."

"அடிக்க மாட்டேன் சார்."

"ஒரு பத்திம்மா."

"நான் முதல்ல தப்பா நினைச்சதும் அதுலதான் சார் இருக்கு. அடிச்சா எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்னு ஆயிரும்."

மூடியை மாட்டிப் பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்போ நான் ஒண்ணும் பண்ண முடியாது." அந்த அம்மா பட்டியலில் என் எண்ணுக்கு நேரே ஏதோ எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வெளியே வரிசையில் ஜெபா நின்றாள். என் கையில் எந்த நோட்டு என்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 5, வியாழன்

நன்றாகத் தூங்கினேன். இதை எழுத எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 8, ஞாயிறு

நாலு நாளாக ஜெபாவோடு பேச்சு இல்லை. இன்று குளிக்கப் போனால் என் வாளி நிரம்பியிருந்தது.

"தண்ணி நின்னுரும்னுதான் புடிச்சேன்" என்றாள். "ஒனக்காவ ஒண்ணும் புடிக்கல."

ஜூன் 21, வியாழன்

முடிவு வந்தது. மற்ற எல்லாவற்றிலும் தேறியிருக்கிறேன். மெட்டீரியல்ஸ் தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். மெட்டீரியல்ஸ் லேபில் அரியர்.

அப்பாவிடம் முழுவதையும் சொன்னேன். கடைசி வரை கேட்டார். பிறகு, "ஊருல எவ்வளவோ பிள்ளைக இருக்க, எண்பத்தாறுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவுல என் பிள்ளைதானா போயி மாட்டணும்?" என்றார். போனை வைத்துவிட்டார். 

ஜூலை 1, ஞாயிறு

ஒன்பது நாள் அப்பா கூப்பிடவில்லை. இன்று அம்மாவைக் கூப்பிட வைத்து, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

இரண்டு வருடம் கழித்து, ஜூலை 15

இந்த நோட்டில் கடைசிப் பக்கம் மீதி இருந்தது.

அந்த நவம்பரில் மறுதேர்வு எழுதினேன். அதே ரெக்கார்டு, அதே பத்தி. கமிட்டி வந்து போயிருந்தது. தெய்வநாயகம் சார் கையெழுத்துப் போட்டார். கருத்தப்பாண்டி அண்ணாச்சியின் மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை. கடைசி வருடம் ஓசூர்க்காரர்கள் வந்தார்கள். நேர்காணல் பட்டியலில் என் பெயர் இல்லை. ஜெபா தேர்வானாள், போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். ரயிலடியில் அவள் அழுதாள். நான் அவள் பையைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

நான் கோயம்புத்தூரில் பதினோரு பேர் வேலை பார்க்கும், இரும்பை உலையில் சுட்டுக் கடினப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை ஒன்றில் திங்கட்கிழமை சேர்ந்தேன். அரியர் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. முதல் நாள் உலையிலிருந்து வந்த கியர்களில் ஒன்றைக் கொடுத்துக் கடினம் பார்க்கச் சொன்னார்கள். வாடிக்கையாளர் கேட்டதைவிட நாலு குறைவாக இருந்தது. வேறு இரண்டை எடுத்துப் பார்த்தேன். அவையும் அப்படியே. எழுதிக் கொடுத்தேன். இருநூற்று நாற்பது கியர்களும் அன்று மாலையே திரும்ப உலைக்குப் போயின.